எக்ஸ்220-ஆ, எக்ஸ்240-ஆ?

கல்லூரியில் சேரும் அக்கா மகளுக்காக நாகர்கோவிலில் பழைய மடிக்கணினி தேடினோம். கடைசியில் நின்றவை லெனோவோ நிறுவனத்தின் இரண்டு திங்க்பேடுகள்: 2011-இல் வந்த எக்ஸ்220, 2013-இல் வந்த எக்ஸ்240.

எக்ஸ்220-இல் ராம் (நினைவகம்) பொருத்த இரண்டு இடங்கள். அதன் விசைப்பலகையில் தட்டுவதே ஒரு சுகம். எக்ஸ்240-இல் ஒரே இடம், 8 ஜிபியோடு சரி. லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்துக்கு அது தாராளம்.

எனக்கோ மின்சாரம்தான் பெரிது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? எக்ஸ்240-இல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒன்று; கணினி ஓடும்போதே வெளிப் பேட்டரியை மாற்றலாம். ஐ5 செயலியும் 15 வாட் வகை. எக்ஸ்220-இல் 35 வாட். எக்ஸ்240-ஐயே வாங்கினோம்.

குளச்சல் போன்ற கடலோர ஊரில் புழங்கிய கணினி என்றால் யுஎஸ்பி துளைகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன்பே கடையில் ஓட்டிப் பாருங்கள்.