கணினி மையம், செயலி, போன் குரல், வானொலி: நெல்லைச் சீமைக்கு எதில் பணம் போடலாம்?

ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப நினைப்பவர்கள், தொண்டு நிறுவனம் நடத்துபவர்கள், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். தகவல் தொழில்நுட்பத்தை வைத்துக் கிராமத்தை மேலே கொண்டுவர முடியும் என்கிறார்களே, எதில் தொடங்குவது? உலகம் முழுக்க இதற்காகக் கோடிக்கணக்கில் செலவு செய்து பார்த்தாயிற்று. நம் பக்கம் வந்து சேர்ந்ததைப் பார்த்தால் நான்கு வடிவங்கள்தான்: ஊருக்குள் ஒரு கணினி மையம், ஸ்மார்ட்போனில் ஒரு செயலி, சாதாரண போனிலேயே பேசிக் கேட்கும் சேவை, அப்புறம் வானொலியும் ஒலிபெருக்கியும்.

நான்கையும் மூன்று பேரை மனதில் வைத்து ஒப்பிடுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் பிசானப் பருவத்தில் நெல் போடும் விவசாயி, முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் பெண், உவரியிலோ இடிந்தகரையிலோ கடலுக்குப் போகும் மீனவர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி எதுவானாலும், மறுபக்கம் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிற வழிக்குத்தான் பணம் போக வேண்டும். கடலில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது.

கணினி மையம்

இந்த வடிவத்துக்குத் தமிழ் பேசும் மண்ணில் நல்ல வரலாறு உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. பணம் கனடாவின் வளர்ச்சி ஆய்வு அமைப்பிடமிருந்து வந்தது. வில்லியனூர் தலைமை மையம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுக்கக் கேட்க வைத்தார்கள்.

அடுத்து 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடியும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கம்பியில்லா இணைப்போடு கிராம மையங்களைத் திறந்தன. சான்றிதழ் விண்ணப்பம், மருத்துவ ஆலோசனை, கணினிப் பயிற்சி என்று நல்லபடியாகவே ஆரம்பித்தார்கள். சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. அக்கறை காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் மையம் வழியாக வரும் விண்ணப்பங்களைக் கவனிக்க அலுவலகத்தில் ஆள் இல்லை. இணைப்பும் கணினியும் வேலை செய்துகொண்டிருந்தபோதே சேவை நின்றுபோனது. நன்கொடை கொடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இன்று அதே எண்ணம் இ-சேவை மையமாக ஊர் ஊராக நிற்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள், தனியார் என்று பலர் நடத்துகிறார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் அங்கேதான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கணினியிலேயே நகர்கிறது. மேலூரில் இல்லாமல் போனது இங்கே இருக்கிறது: அலுவலகமே அந்த வழியாகத்தான் வேலை செய்கிறது.

ஆனாலும் மையத்தின் உயிர் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள்தான். பீடி சுற்றும் ஊர் ஒன்றில் பார்த்ததைச் சொல்கிறேன். பேத்திக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பிக்க ஓர் அம்மா வந்திருந்தார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். எண்ணைப் பதிந்தால் ஓடிபி வர வேண்டும்.

"ஆச்சி, இது யாரு நம்பரு?"

"மவன் நம்பருல்லா. அவன் திருப்பூர்ல நிக்கான். வேலை நேரத்துல போன் எடுக்க மாட்டான், பிள்ள."

மையத்தில் இருந்த பெண் சலித்துக்கொள்ளவில்லை. மகனுக்கு டீ குடிக்க எப்போது விடுவார்கள் என்று கேட்டார். மற்ற விவரங்களை எல்லாம் நிரப்பி வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குச் சரியாக ஓடிபியை அனுப்பச் செய்து, உடனே திருப்பூருக்குப் போன் போட்டு எண்ணை வாங்கினார். ஓடிபி சில நிமிடம்தான் செல்லும். அந்தச் சில நிமிடத்தை ஒரு தொழிற்சாலையின் டீ நேரத்தோடு பொருத்தத் தெரிந்தவர் இருந்ததால்தான் அந்த விண்ணப்பம் போனது. இந்த அறிவை எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவுக் கணக்காக எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பது என் வாதம்.

மையத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள். திருநெல்வேலியில் அந்த மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவியோடு தேனிப் பக்கம் தொலைதூர வைஃபை போட்டு ஆரம்பித்த முறைதான் இந்தப் பார்வை மையம். சிறு ஊரில் ஓர் அறை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் தொலைவிலிருந்து வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்ணாடி தேவையா, பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். பொதுவான கணினி மையங்கள் தடுமாறியபோது இது நிலைத்ததற்குக் காரணம், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒரு முழு மருத்துவமனையை நிறுத்தியதுதான்.

செயலி

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். தமிழக அரசு 2018இல் உழவன் செயலியைக் கொண்டுவந்தது. மானியம், பயிர்க் காப்பீடு, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை எல்லாம் அதில் உண்டு. நல்ல முயற்சிதான். படித்த இளைஞர் இருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு நிச்சயம் உதவும். ஆனால் செயலிக்கு யார் கையில் போன் என்பது முதல் கேள்வி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியா முழுக்க 54 சதவீதம். தமிழ்நாட்டு நிலை அதைவிட மேல் என்றாலும், பீடி சுற்றும் பெண் கையில் இருப்பது பல வீடுகளில் பட்டன் போன்தான். ஸ்மார்ட்போன் மகனிடமோ கணவரிடமோ இருக்கும்.

கருவியைக் கொடுத்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி பெரு நாட்டில் விழுந்தது. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2012இல் வந்த மதிப்பீட்டில் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இத்தகைய திட்டங்களைப் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்த கென்டாரோ டொயாமா பின்னால் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தொழில்நுட்பம் ஏற்கனவே இருக்கும் திறனையும் அக்கறையையும் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது.

புதிதாக ஒரு செயலி செய்து தர முன்வருகிற யாரிடமும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். மக்கள் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். பாபநாசம் அணை 143 அடியில் இன்று எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு என்று காலையிலேயே குழுக்களில் வந்துவிடுகிறது. யாரும் பயிற்சி கொடுக்காமலே பழகிய வழி அது. வதந்தியும் அதே வேகத்தில் ஓடும் என்பதுதான் அதன் பெரிய குறை. மழைக்காலத்தில் அந்தக் குழுவுக்குள் நீர்வளத் துறையில் விசாரித்து உண்மையைச் சொல்லும் ஒருவர் இருந்தால் போதும், புதுச் செயலி தேவையில்லை.

போனில் குரல்

என் ஓட்டு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1997 ஜனவரி 14, வடகேரளத்தின் வடகரை மீன் சந்தை. காலையில் கரைக்கு வந்த 11 மீனவர்கள் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற இரண்டு சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பிப் போக இருந்தார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் அந்தக் கரையோரம் செல்போன் கோபுரங்கள் வரிசையாக வந்தன. படகிலிருந்தே போன் செய்து எங்கே விலை உண்டு என்று கேட்டுவிட்டு அங்கே போக ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்த ஆண்டுகளைக் கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார். வீணாகிக்கொண்டிருந்த 5 முதல் 8 சதவீத மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் குறைந்தது. இரு பக்கமும் லாபம். இதில் செயலி, மையம், நன்கொடை எதுவும் கிடையாது. போன், பேசத் தெரிந்த வாய், மறுமுனையில் நம்பிக்கையான ஆள். அவ்வளவுதான்.

விவசாயிக்கும் குரல்தான் வசதி. 2004 முதல் கிசான் கால் சென்டர் இருக்கிறது. 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். பட்டன் போன் போதும், எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. குறை என்னவென்றால், மறுமுனையில் இருப்பவருக்கு நம் வயல் தெரியாது. அம்பை 16 ரக நெல் போட்டிருக்கேன், கன்னடியன் கால்வாய்ப் பாசனம், கதிர் வரும் நேரத்தில் கழுத்தில் கருப்பு விழுகிறது என்று சொன்னால், அந்தப் பேச்சிலேயே குலைநோய் என்ற பூஞ்சை நோயைச் சந்தேகித்து, பனி எப்படி, யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்பவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வேளாண் உதவி அலுவலர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரிகள் எத்தனையோ பேர் பாளையங்கோட்டையில் சும்மா இருக்கிறார்கள். கால்வாய்க்கு ஓர் ஆள் என்று கோடகன், நதியுண்ணி, கன்னடியன், பாளையங்கால்வாய் வரிசையில் ஆள் வைத்து, கார் பருவத்திலும் பிசானத்திலும் மாலை இரண்டு மணி நேரம் போனை எடுக்கச் சொல்லி, அதற்கு மதிப்பூதியம் கொடுத்தால், எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தரும் செலவு இல்லை.

பீடி சுற்றும் பெண்ணுக்கும் இதேதான். பி.எஃப். கணக்கில் ஓர் பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் இருந்து பணம் எடுக்க முடியாமல் நிற்பவர்கள் நிறைய. இன்ஷியல் மாறியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே போனில் கேட்டு, என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஒரே நடையில் மையத்துக்குப் போய் வேலையை முடிக்கலாம். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகிறது என்பதை மறக்கக் கூடாது.

வானொலியும் ஒலிபெருக்கியும்

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. வயலும் வாழ்வும் கேட்டு விதை நேர்த்தி செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கேள்வி கேட்க முடியாது என்பதால் அன்றாட உதவிக்கு இதை மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். பேரிடர் வந்தால் வரிசை தலைகீழாக மாறிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கினார்கள். கரண்ட் போனது, செல்போன் கோபுரங்கள் அணைந்தன, வெளியூரில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுத் தவித்தார்கள். அந்த நேரத்தில் செயலியும் மையமும் கால் சென்டரும் ஒன்றுதான், எதுவும் உதவாது.

2004 சுனாமியில் புதுச்சேரி நல்லவாடு தப்பியது எப்படி என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஒரு போன், ஒரு மைக். தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஒரு பேட்டரி ஒலிபெருக்கியும், மேலே அணையில் தண்ணீர் திறந்தால் கீழே யார் யாருக்குச் சொல்வது என்ற பட்டியலும் தயாராக இருக்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றிலும் மைக் ஏற்கனவே இருக்கிறது. பேட்டரிக்கும் பட்டியலுக்கும் ஆகிற செலவு சொற்பம்.

கடல்

இங்கேதான் என் கணக்கு மாறுகிறது. கரையோரம் மீன்பிடிக்கும் நாட்டுப்படகுக்குச் சாதாரண போன் ஓரளவு எட்டும். ஆழ்கடலில் எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களிடம் எச்சரிக்கையைச் சொல்ல வழியே இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அதன் பிறகு 2019இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல், அலை, மீன் கிடைக்கும் இடம் பற்றிய செய்தி போனுக்கு வந்து சேரும். ஆனால் அது ஒருவழிதான். படகிலிருந்து 'ஆபத்தில் இருக்கிறோம்' என்று திருப்பிச் சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவி இருவழி. கரையிலிருந்து எச்சரிக்கை வரும், படகிலிருந்து ஆபத்துச் செய்தியும் போகும்.

ஆகவே உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி மீனவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் கருவிக்கே முதலில் பணம் கொடுக்கலாம். ஆழ்கடல் போகும் படகுக்கு இருவழிக் கருவி, பழுது பார்க்கக் கரையிலேயே பயிற்சி பெற்ற ஓர் இளைஞர், இரவிலும் செய்தியைக் கவனிக்கும் ஏற்பாடு. கரைக்குள் மீன்பிடிப்பவர்களுக்குப் போன் போதும், அவர்களுக்கு விலை சொல்ல ஏலக்கூடத்தில் ஒருவரை வைத்தால் வடகரையில் நடந்தது இங்கேயும் நடக்கும்.