ஜப்பானில் மான் பார்க்க நாராவா, மியாஜிமாவா?

முக்கிய வேறுபாடு ஒன்றுதான்: நாராவில் மானுக்குத் தீனி கொடுக்கலாம், மியாஜிமாவில் கூடாது.

நாராப் பூங்காவில் சுற்றுபவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு மான்கள். 1957 முதல் தேசிய இயற்கைச் சின்னம். அங்கே விற்கும் ‘ஷிகா செம்பே’ அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்ந்த, சர்க்கரையில்லாத வட்ட பிஸ்கட், மானுக்கு மட்டுமே. நாம் தலைகுனிந்தால் பல மான்கள் பதிலுக்குக் குனியும் (குழந்தைகளுக்கு இதுதான் கொண்டாட்டம்). கொடுப்பதுபோல் காட்டி இழுத்தடித்தால் வம்பு: சட்டையைக் கடிக்கும், முட்டும். தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள். இலையுதிர்காலத்தில் ஆண் மானை நெருங்க வேண்டாம்.

மியாஜிமா ஹிரோஷிமா அருகே உள்ள தீவு. படகில் 10 நிமிடம். மான்கள் பெரும்பாலும் சாது, ஆனால் காகிதம் தின்னும். வரைபடம், பயணச்சீட்டு எல்லாம் பைக்குள் இருக்கட்டும். தத்தி நடக்கும் குழந்தையென்றால் மியாஜிமாவே மேல்.