கியூஜிஐஎஸ்ஸோடு குப்பை கொட்டிய ஒன்பது வருடம்

முதல் வாரமே உலகம் முழுவதையும் மூடிவிட்டேன். 2016, கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளின் 2.14 பதிப்பு. கிணறுகளைக் குறிக்கும் புள்ளிகளைச் சுற்றி 500 மீட்டருக்கு வட்டம் போட்டுத் தரச் சொல்லியிருந்தார்கள். பஃபர் என்று ஒரு கருவி இருக்கிறது. தூரம் கேட்ட கட்டத்தில் 500 என்று தட்டி ஓட்டினேன். திரை முழுக்க ஒரே பச்சை. கிணறும் இல்லை, ஊரும் இல்லை. சுருக்கிச் சுருக்கிப் பார்த்தால் வட்டங்கள் உலக வரைபடத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே கிடந்தன. என் லேயர், அதாவது கிணற்றுப் புள்ளிகள் இருந்த அடுக்கு, டிகிரியில் இருந்தது. மீட்டர் என்று நினைத்து நான் கொடுத்த எண்ணை 500 டிகிரி என்று எடுத்துக்கொண்டது. பூமியை ஒரு சுற்று சுற்றினாலே 360 தான்!

இன்றைய பதிப்புகளில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'டிகிரி' என்று எழுதியிருக்கும், எச்சரிக்கைக் குறி ஒன்றும் நிற்கும். அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டு அமைதியாக இருந்தது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. முதலில் குவாண்டம் ஜிஐஎஸ் என்று பெயர், 2013-ல் 2.0 வந்தபோது கியூஜிஐஎஸ் என்று சுருங்கியது. காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான்கு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் அந்த ஆசைக்கெல்லாம் போகாமல் 'நீண்டகாலப் பதிப்பு' என்று இருப்பதையே போட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசி மேப்பில் பழகிய கண்ணுக்கு வரைபடம் என்றால் ஒரு படம். இங்கே அது அட்டவணை. சாலையைச் சொடுக்கினால் ஒரு வரிசை திறக்கும்: பெயர், அகலம், எப்போது போட்டது. அந்த வரிசையோடு கோட்டின் வடிவமும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் 'ஓடையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் எடு' என்று கேட்க முடிகிறது. ஓடை ஒரு லேயர், வீடுகள் ஒரு லேயர், இரண்டையும் மேலே மேலே வைத்துக் கேட்கிறோம். கேட்பதற்கு முன் ஸ்பேஷியல் இண்டெக்ஸ், அதாவது எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று தேட உதவும் பட்டியல், போட மறக்காதீர்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்த வேலையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கிறது.

செயற்கைக்கோள் படங்கள் ராஸ்டர் வகை, வெறும் கட்டங்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். 'என் வீடு தெரியுமா?' என்று கேட்காத ஆளே இல்லை. தெரியாது. பக்கத்து வீட்டுக் கூரையோடும் வேப்பமரத்தோடும் கலந்து ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

இனி என் தலைமுடி நரைத்த விஷயத்துக்கு வருகிறேன். சிஆர்எஸ் என்கிற ஆயமுறை, அதாவது ஒரு புள்ளியின் எண்கள் பூமியில் எந்த இடத்தை, எந்த அலகில் குறிக்கின்றன என்று சொல்லும் முறை. கியூஜிஐஎஸ்ஸில் இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, லேயரின் சிஆர்எஸ் எது என்று அறிவிப்பது. மற்றது ரீப்ரொஜெக்ட், அதாவது புள்ளிகளை வேறொரு ஆயமுறைக்கு உண்மையிலேயே மாற்றிக் கணக்கிடுவது. முதலாவது, சட்டைக் காலரில் இருக்கும் அளவுச் சீட்டைக் கிழித்து வேறு சீட்டை ஒட்டுகிற வேலை. இரண்டாவது, தையற்காரரிடம் கொடுத்துச் சட்டையையே பிடித்துத் தைக்கிற வேலை. புதிதாக வருகிறவர்கள் சீட்டை மாற்றிவிட்டுச் சட்டை சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள். நானும் இருந்தேன். டிகிரியில் இருந்த லேயருக்கு, இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் சீட்டை, அதாவது இபிஎஸ்ஜி 3857 என்ற குறியீட்டு எண் கொண்டதை ஒட்டினேன். லேயர் காணாமல் போனது. தேடிப் பிடித்தபோது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாக் கடலில் கிடந்தது. பூஜ்ய அட்சமும் பூஜ்ய தீர்க்கமும் சந்திக்கும் இடம் அதுதான். தீர்க்கம் -180-லிருந்து 180 வரை, அட்சம் -90-லிருந்து 90 வரை. அந்த எண்களை மீட்டர் என்று வாசித்தால் மொத்த உலகமும் 360 மீட்டர் அகலம், 180 மீட்டர் உயரத்தில் அடங்கிவிடும். கடலுக்கு நடுவில் ஒரு மைதானம் அளவுக்கு உலகம்!

அந்த வெப் மெர்கேட்டர் பார்ப்பதற்கு மட்டுமே. வடிவம் கோணாமல் இருக்க, துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். 60 டிகிரி அட்சத்தில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அட்டவணையின் பத்திகளைக் கணக்கிட்டு நிரப்பும் ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்பு கேட்க இரண்டு வழி இருக்கிறது. டாலர் குறி போட்ட ஏரியா, ப்ராஜெக்டில் குறித்திருக்கும் எலிப்சாய்டின் மேல், அதாவது பூமியின் உருண்டை வடிவத்தின் மேல் கணக்கிடும். அடைப்புக்குறிக்குள் ஜியோமெட்ரி கொடுக்கிற ஏரியா, தட்டையான காகிதத்தில் கணக்கிடும். பெயர் ஒன்றுதான், விடை வேறு. நிலப் பரப்பை அளப்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைப் பச்சை குத்திக்கொண்டாலும் தப்பில்லை. சின்னப் பகுதிக்கு நான் யுடிஎம்முக்கு மாற்றிவிட்டுத்தான் அளப்பேன். உலகத்தை 6 டிகிரி அகலத்தில் 60 பட்டைகளாகப் பிரித்த முறை அது, அலகு மீட்டர்.

அடுத்த தலைவலி ஷேப்ஃபைல், வரைபடத் தரவைச் சேமிக்கும் ஒரு கோப்பு வகை. 'ஃபைல்' என்று பெயர்தானே தவிர, குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்த கூட்டுக்குடும்பம். மின்னஞ்சலில் எஸ்ஹெச்பி என்று முடிவதை மட்டும் அனுப்பிவிட்டு 'திறக்கிறதா?' என்று கேட்பவர்களுக்கு இன்றும் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆயமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு வராவிட்டால் ஊகம்தான். தமிழ்க்காரர்களுக்குக் கூடுதல் சங்கடம். பத்திப் பெயருக்கு 10 பைட் மட்டுமே தரும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'பெயர்' என்ற சொல்லில் ப, எகரக் கொம்பு, ய, ர, புள்ளி என்று ஐந்து குறிகள், 15 பைட். ஆக, பெயர் என்று பெயர் வைக்கக்கூட இடமில்லை. உள்ளே இருக்கும் ஊர்ப்பெயர்களும், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பு தவறிப்போனால் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்து நிற்கும்.

இப்போது எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்கிற வேறு கோப்பு வகையில் வைக்கிறேன். ஒரே கோப்பு, உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம், தமிழ் சிதையாது. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். திறந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் 'வால்' என்று முடியும் ஒரு கோப்பு முளைக்கும். பெயருக்கேற்ற வால்தான். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கலாம். மென்பொருளை மூடாமல் தலையை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போய், ஒரு நாள் உழைப்பைத் தொலைத்தவன் நான்.

களத்தில் புள்ளி எடுக்கிறவர்களுக்கு ஒன்று. கைபேசி ஏழெட்டு தசம இலக்கம் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆறாவது தசமம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர், ஏழாவது 1 சென்டிமீட்டர். திறந்த வானத்தின் கீழேயே சாதாரணக் கைபேசி 5 மீட்டர் அளவுக்கு விலகும், மரத்தடியில் இன்னும் மோசம். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வீடு வரையும்போது பின்னணிப் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும். பலர் நடந்து பதிவு செய்த ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டு, படத்தை இழுத்து வைத்துவிட்டுத்தான் கோடு போடவேண்டும்.

யார் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் இப்போது நான் முதலில் செய்வது, நீளம் தெரிந்த ஒன்றைத் தேடி அளப்பது. எனக்குப் பிடித்தது 400 மீட்டர் ஓட்டத் தடம். தர அளவில் அமைத்திருந்தால் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். போன மாதம் 45 டிகிரி அட்சத்தில் இருக்கும் ஒரு பூங்காவின் கோப்பு வந்தது. நடைபாதைகள், ஓட்டத் தடம், எல்லாவற்றுக்கும் நீளம் போட்ட பத்தி. தடத்தின் நேர்ப்பகுதிக்கு 119 என்று இருந்தது. அளவுக் கருவியை எலிப்சாய்டில் வைத்து இழுத்தேன், 84 சொச்சம். 119-ஐ 84.39-ஆல் வகுத்தால் 1.41. அந்த அட்சத்தில் வெப் மெர்கேட்டர் இழுக்கும் அளவு அதேதான். யாரோ 3857-லேயே தட்டையாக நீளம் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லா வரிசைகளையும் சரியாகக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரிப் பதில்: 'பழைய நீளத்துக்குத்தான் கல் பதித்தவருக்குப் பணம் கொடுத்தோம். இப்போது என்ன செய்வது?'