ஸ்னாப்பா, டெப்பா, பிளாட்பக்கா, குரோமா? லினக்ஸில் வீடியோ பிளகின்கள் யார் கையில் இருக்க வேண்டும்

உபுண்டுவில் பயர்பொக்ஸின் அட்-ஒன்ஸ் பக்கத்தைத் திறந்து 'பிளகின்ஸ்' பகுதிக்குப் போனால் வழக்கமாக இரண்டு பெயர்கள்தான் இருக்கும்: சிஸ்கோ தரும் ஓப்பன்எச்264, கூகுள் தரும் வைட்வைன். முன்னது இணையவழி வீடியோ அழைப்புகளுக்காகக் கொண்டுவரப்பட்டது. பின்னது டிஆர்எம், அதாவது படங்களையும் பாடல்களையும் பிரதி எடுக்க விடாத பூட்டைக் கையாள்வது; அது இல்லாமல் நெட்பிளிக்ஸோ ஸ்பொட்டிஃபையின் இணையப் பக்கமோ ஓடாது. பிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. 2021 ஜனவரியில் வந்த பயர்பொக்ஸ் 85 இலிருந்து அதை ஓட்டும் வசதியே கிடையாது. இன்றைக்கும் ஒரு தளம் 'பிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்' என்று கேட்டால் அது வில்லங்கம். பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

பட்டியலில் தெரியாத மூன்றாவது ஒன்றும் உண்டு. சாதாரண எம்பி4 வீடியோவை விரித்துக் காட்டுவது எஃப்எஃப்எம்பெக்கின் லிப்ஏவிகொடெக் நூலகம். பிளகின்கள் இரண்டையும் பயர்பொக்ஸ் தானே இறக்கி, உங்கள் புரொஃபைல் ஃபோல்டரில் (உங்கள் பயர்பொக்ஸ் அமைப்புகள் இருக்கும் இடம்) வைத்து, தானே புதுப்பிக்கும். ஸ்னாப், டெப், பிளாட்பக் என்பவை லினக்ஸில் செயலிகள் பொதியாக வரும் மூன்று வடிவங்கள். ஸ்னாப்பில் நிறுவினாலும் டெப்பில் நிறுவினாலும் அதில் மாற்றமில்லை. மாறுவது லிப்ஏவிகொடெக் எங்கிருந்து வருகிறது, வீடியோ டிரைவர் எங்கிருந்து வருகிறது, பயர்பொக்ஸ் எந்த நேரத்தில் உங்கள் டேட்டாவில் கைவைக்கிறது என்பவைதான். தெரிவு செய்யும்போது இந்த மூன்றையும் பாருங்கள்.

ஸ்னாப்

உபுண்டு 22.04 முதல் பயர்பொக்ஸ் ஸ்னாப்பாக மட்டுமே வருகிறது. எம்பி4 கொடெக்கை, அதாவது வீடியோவை விரிக்கும் மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கும். குறை, அது ஒரு நாளில் நான்கு தடவை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு ரீலோடு முடியும்வரை வேலை பார்ப்பவருக்கு இது கைக்காசு. பயர்பொக்ஸ் ஸ்னாப் ஒன்றே 200 எம்பியைத் தாண்டும். மாற்றங்களை மட்டும் இறக்கும் வசதி இருந்தாலும் எல்லா நேரமும் அது கிடைப்பதில்லை.

ஆனால் இதைக் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்வது சரியல்ல. 'சுடோ ஸ்னாப் செட் சிஸ்டம்' என்ற கட்டளையில் 'ரிஃப்ரெஷ்.மீட்டர்ட்' என்பதை 'ஹோல்ட்' என்று வைத்துவிட்டால், அளவிடப்படும் இணைப்பு என்று குறிக்கப்பட்ட வைஃபையில் ஸ்னாப் எதையும் இறக்காது. அன்ட்ரொயிட் ஹொட்ஸ்பொட்டை நெட்வேர்க்மேனேஜர் பெரும்பாலும் தானாகவே அப்படி அடையாளம் காணும். இரவுக்குத் தனி டேட்டா தரும் பேக்கேஜ் வைத்திருப்பவர்கள் அதே கட்டளையில் 'ரிஃப்ரெஷ்.டைமர்' என்பதை 01:00-05:00 என்று கொடுக்கலாம். கணினி அந்நேரம் ஓடிக்கொண்டிருந்தால்தான் பலன். குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்த, 'ஸ்னாப் ரிஃப்ரெஷ்' கட்டளைக்கு 'ஹோல்ட்' தெரிவையும் பயர்பொக்ஸ் பெயரையும் சேர்த்தால் போதும். காலம் குறிப்பிடாவிட்டால் நீங்கள் நீக்கும்வரை நிற்கும். பிரவுசரின் பாதுகாப்புத் திருத்தங்களும் கூடவே நின்றுவிடும் என்பதால் 72 மணி நேரம் போல ஒரு எல்லை வைப்பது நல்லது.

மொசில்லாவின் டெப்

கட்டுப்பாடு முழுக்கத் தன் கையில் வேண்டும் என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லா, உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடிக்கான தனது களஞ்சியத்தில் 2024 முதல் நிலையான பதிப்பை டெப்பாகத் தருகிறது. பொதிகள் மொசில்லாவினதே என்று உறுதிசெய்யும் சாவியை ஏபிடியின் கீரிங்ஸ் ஃபோல்டரில் போட்டு, களஞ்சிய வரியைச் சேர்த்து, அப்டேட் செய்து, நிறுவ வேண்டும். பலர் சறுக்குவது பின்னிங்கில், அதாவது எந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை என்று ஏபிடிக்குச் சொல்வதில். உபுண்டுவின் 'பயர்பொக்ஸ்' டெப் உண்மையில் ஸ்னாப்பை இழுத்துவரும் வெற்றுப் பொதி. அதன் பதிப்பு எண்ணுக்கு முன்னால் '1:' என்று ஒரு முன்னொட்டு உண்டு. அதனால் மொசில்லாவின் எண் எவ்வளவு பெரிதானாலும் ஏபிடியின் கணக்கில் உபுண்டுவினதே புதிது, அடுத்த அப்கிரேடில் ஸ்னாப் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். ஏபிடியின் பிரிஃபரன்சஸ் ஃபோல்டரில் ஒரு கோப்பு எழுதி, மொசில்லாவின் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 கொடுங்கள். 990 போதாது, கீழ்ப்பதிப்புக்கு இறங்க ஏபிடி அனுமதிப்பது 1000 இலிருந்துதான்.

ஸ்னாப்பை நீக்குமுன் புரொஃபைலைக் காப்பாற்றுங்கள். அது ஹோம் ஃபோல்டருக்குள் ஸ்னாப், பயர்பொக்ஸ், கொமன் என்ற வரிசையில் உள்ளே, மறைந்த மொசில்லா ஃபோல்டரில் இருக்கும். பிரதி எடுத்து ஹோமில் வைத்த பிறகும் டெப் புதிய வெற்றுப் புரொஃபைலோடு திறக்கலாம். முகவரிப் பட்டையில் 'எபவுட்:புரொஃபைல்ஸ்' எழுதி பழையதை இயல்பாக்குங்கள். டெப்பின் பதிப்பு ஸ்னாப்பினதைவிடப் பழையது என்றால் பயர்பொக்ஸ் அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுக்கும்.

இங்கே லிப்ஏவிகொடெக் உபுண்டுவிலிருந்து வர வேண்டும். குறைந்தபட்ச நிறுவலில் அது இல்லாமலிருக்கலாம். யூடியூப் ஓடும், செய்தித் தளத்தின் எம்பி4 மட்டும் ஓடாது. 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' பொதி இதைத் தீர்க்கும். தானியங்கிப் புதுப்பிப்பும் இயல்பில் மொசில்லா களஞ்சியத்தைத் தொடாது. வேண்டுமானால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அமைப்பில் அந்தக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறையாவது நீங்களே ஓட்ட வேண்டும்.

பிளாட்பக்

ஸ்னாப்பைவிட அனுமதிகளைத் தெளிவாகக் காட்டும். பிளாட்சீல் செயலியில் கெமரா, ஃபோல்டர் அனுமதிகளைத் திறந்து மூடலாம். நீங்கள் சொன்னால்தான் புதுப்பிக்கும், சொஃப்ட்வெயார் செயலியில் தானியங்கியை இயக்கியிருந்தாலொழிய. 'பிளாட்பக் மாஸ்க்' கட்டளை ஒரு செயலியை நிறுத்தி வைக்கும். வேறு எதற்கும் பிளாட்பக் பயன்படுத்தாதவருக்கு, செயலிகள் ஓடத் தேவையான அடிப்படை ரன்டைமையும் சேர்த்து இறக்கும் முதல் நாள் செலவு அதிகம்.

குரோம்

படம் பார்த்தால் போதும் என்பவருக்கு இதுதான் நேர்வழி. வைட்வைன் கூடவே வருகிறது, களஞ்சியத்தையும் டெப் தானே சேர்த்துவிடும். 'குரோம்://கொம்பொனென்ட்ஸ்' பக்கத்தில் வைட்வைனின் பதிப்பைப் பார்க்கலாம், புதுப்பிக்கச் சொல்லலாம். குரோமின் திறந்த மூல அடிப்படையான குரோமியத்தை குரோம் என்று நினைத்து நிறுவாதீர்கள். அதில் வைட்வைன் இல்லை. குரோமின் பெரிய குறை, தானாக ஓடும் வீடியோவைத் தடுக்க அமைப்புகளில் இடமே இல்லாதது; தளத்தின் சத்தத்தை மட்டும் அடக்கலாம். பயர்பொக்ஸில் 'ஓடியோவையும் வீடியோவையும் தடு' என்ற தெரிவு இருக்கிறது. டேட்டா எண்ணிச் செலவழிப்பவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். எந்தப் பிரவுசரானாலும் லினக்ஸில் வைட்வைன் மென்பொருள் நிலையில்தான் இயங்குகிறது, நெட்பிளிக்ஸில் 4கே கிடைக்காது.

கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் வாங்கும் பாவித்த லப்டொப்களில் இன்டெல் நான்காம், ஆறாம் தலைமுறைச் சிப்கள் நிறைய. யூடியூபில் விசிறி இரைகிறது என்றால் காரணம் பிளகின் அல்ல. யூடியூப் தருவது விபி9 அல்லது ஏவி1 என்ற வீடியோ வடிவம். விபி9ஐ வன்பொருளில் முழுதாக விரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து, ஏவி1ஐ பதினோராம் தலைமுறையிலிருந்து. பழைய சிப்களும் விரிக்கக்கூடிய எச்.264 வடிவத்தை மட்டும் கேட்கும் எச்264ஃபை போன்ற எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டால் சிப் தன் வேலையைச் செய்யும். யூடியூபில் 1080பிக்கு மேல் மட்டும் கிடைக்காது. டிரைவரும் வேண்டும்: ஐந்தாம் தலைமுறை முதல் 'இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்', அதற்கு முந்தியதற்கு 'ஐ965-விஏ-டிரைவர்'. டெப்பில் இது உடனே பலிக்கும். ஸ்னாப்பும் பிளாட்பக்கும் தங்களுடைய டிரைவரையே பார்ப்பதால், வெளியே நிறுவியது அவற்றுக்குத் தெரியாது. இந்த லப்டொப்களுக்கு டெப்பைச் சொல்வது முக்கியமாக இதனால்தான்.

வைட்வைன் 'விரைவில் நிறுவப்படும்' என்றே நின்றால் முதலில் ரவுட்டரின் விளம்பரத் தடுப்பைப் பாருங்கள். கோப்பு கூகுள் சேர்வரிலிருந்து வருகிறது. இறங்கியும் ஓடாவிட்டால் ஹோம் பகுதி 'நோஎக்ஸெக்' என்று ஏற்றப்பட்டிருக்கலாம். புரொஃபைலுக்குள் இருக்கும் நூலகத்தை அப்போது இயக்க முடியாது. பிளகினின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தவும் வழியுண்டு. ஆனால் பழைய வைட்வைனை சேவைகள் ஒருநாள் ஏற்காமல் விடும், ஆகவே வைட்வைனே வேண்டாம் என்பவர் அமைப்புகளில் டிஆர்எம் தெரிவை எடுத்துவிடுவதே சுத்தம்.

கொமியூனிகேஷன் கடை, டியூஷன் வகுப்பு போலப் பலர் தொடும் கணினிகளில் ஒவ்வொரு புரொஃபைலாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குக் கீழே பயர்பொக்ஸ், பொலிசீஸ் ஃபோல்டர்களை உருவாக்கி, அதில் பொலிசீஸ்.ஜேசன் கோப்பு ஒன்று எழுதினால் டிஆர்எம்மை அணைத்துப் பூட்டலாம், தானியங்கி வீடியோவைத் தடுக்கலாம். டெப், ஸ்னாப் இரண்டும் அதை வாசிக்கும். பிளாட்பக்குக்குக் கோப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும். எழுதி முடித்து 'எபவுட்:பொலிசீஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு கமா தவறினாலும் கோப்பு முழுவதையும் பயர்பொக்ஸ் ஒதுக்கிவிடும், பிழையை அந்தப் பக்கத்தில்தான் சொல்லும்.