நாகை–காங்கேசன்துறைக் கப்பல்: பத்துக் கிலோவும் வாடைக்காற்றும்

நாகையிலிருந்து இலங்கையின் வடகரையில் இருக்கும் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகலாமா என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது சாமான் எடை. இந்தச் சேவையில் எனக்குத் தீராத எரிச்சலும் அதுதான்.

2025 பிப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கியபோது கட்டணமில்லாமல் 10 கிலோ என்று அறிவித்தார்கள். சக்கரம் வைத்த நடுத்தரப் பெட்டி காலியாகவே மூன்றரை, நாலு கிலோ இருக்கும். மிச்சம் ஆறு. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? பெட்டியை விட்டுவிட்டு ரெக்சின் பை எடுங்கள், முக்கால் கிலோவில் முடிந்துவிடும். புடவைகளின் அட்டைப்பெட்டிகளைக் கடையிலேயே கொடுத்துவிட்டுத் துணியைச் சுருட்டி வையுங்கள். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது நல்லெண்ணெய் வாங்கினால் லிட்டருக்கு 900 கிராமுக்கு மேல், போத்தல் எடை தனி. மூடியை டேப் போட்டு இறுக்கி, பாலித்தீனில் கட்டி, பையில் நிமிர்த்தி வையுங்கள். கப்பல் உருளும்போது கசிந்தால் ஒடியலும் (காயவைத்த பனங்கிழங்கு) பனங்கட்டியும் சேர்ந்து பாழ்.

எடைக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், கப்பல் சிறியது. 2023இல் வந்த செரியபாணியும் சரி, 2024 ஆகஸ்டில் வந்த சிவகங்கையும் சரி, 150 பேருக்கானவை. பெரிய கப்பல் விடலாமே என்றால், நாகைத் துறைமுகம் இருப்பது கடுவையாற்று முகத்துவாரத்தில். வண்டலும் கரையோர மணலும் வாயை அடைத்துக்கொண்டே இருக்கும். தூர்வாரிய இடம் மறுபடி மேடாகும். விசைப்படகுக்காரர்களுக்கும் அதே பாடுதான். காங்கேசன்துறையைச் சீரமைக்க 61.5 மில்லியன் டாலரை மானியமாகத் தர 2024இல் இந்தியா ஒப்புக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கரையை மட்டும் ஆழமாக்கி என்ன பயன்? இந்தப் பக்கம் முகத்துவாரத்தில் தட்டாத கப்பல்தானே அங்கே போக முடியும்? இரண்டு வாயும் ஒன்றாக ஆழமாக வேண்டும், நாகையில் ஆண்டுதோறும் தூர்வார நிரந்தர ஏற்பாடு வேண்டும். அதுவரை எடைக் கெடுபிடிதான்.

காற்று விஷயமும் இதோடு சேர்ந்ததே. பாதை ஏறக்குறைய நேர் தெற்கு, சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வடகிழக்கிலிருந்து வாடை வீசினால் போகும்போது அலை இடது விலாவில் அடிக்கும், வரும்போது வலது விலாவில். சிறிய கப்பல் அதைத் தாங்காது. இது தெரிந்தும் 2023 அக்டோபர் 14 அன்று, பருவமழை வாசலில் நிற்கும்போது தொடங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். 2024 நவம்பரிலும் நின்றது, பிப்ரவரி 22 வரை ஆளில்லாத துறைதான்.

அமைதியான கடலிலும் வாந்தி வருபவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், குமட்டிய பிறகு போட்டால் நிற்காது. வெறும் வயிறும் ஆகாது, இரண்டு இட்லி போதும்.

இவ்வளவு திட்டியும் மார்ச் முதல் செப்டம்பர் வரை யார் கேட்டாலும் போங்கள் என்றே சொல்வேன். இறங்கினால் ரயில் நிலையம் பக்கத்தில், யாழ்ப்பாணம் 18 கிலோமீட்டர். கொழும்பு சுற்றிப் போகும் ஒரு பகலும் ஓர் இரவும் மிச்சம். தை மாதக் கல்யாணத்துக்கு மட்டும் இதை நம்பித் தேதி குறிக்காதீர்கள், யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு விமானச் சீட்டு எடுங்கள். மற்ற மாதங்களிலும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே கடல் தாண்டிவிடுங்கள்.