பத்தாம் நாளே 'ட்ரயல் முடிந்தது' என்றால், முதலில் மணியைப் பாருங்கள்

30 நாள் ட்ரயலில் ஓடும் பில்லிங் மென்பொருள் பத்தாம் நாளே 'காலாவதி' என்று கதவைச் சாத்தினால், பெரும்பாலும் குற்றவாளி மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி, சிஆர் 2032. மதுரைக் கீழமாசி வீதி மாதிரிக் கடைவீதிகளில் இரவு கடையைச் சாத்தும்போது மெயினையே அணைத்துவிடுவார்கள். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை கம்ப்யூட்டர் கடிகாரம் அதில் ஓடிவிடும். மெயின் போனபிறகுதான் பேட்டரியின் லட்சணம் தெரியும்: அது தீர்ந்திருந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பராமரிப்புக்காகக் காலை முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளிலும் இதே கதைதான்.

நிறுவிய தேதி, கடைசியாகத் திறந்த தேதி இரண்டையும் மென்பொருள் குறித்து வைத்திருக்கும். கம்ப்யூட்டர் காட்டும் தேதி அந்தக் கடைசித் தேதிக்கும் முந்தையதாக இருந்தால், யாரோ தேதியைத் திருப்பி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டி அதே 'காலாவதி'யைக் காட்டும். நிஜமாகவே நாள் முடிந்ததற்கும் இதற்கும் ஒரே வாசகத்தைப் போட்டு ஆளைச் சுற்றவிடுவது சோம்பேறித்தனம்.

உறுதிசெய்ய, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் திறந்து, கெர்னல்-ஜெனரல் பெயரில் ஐடி 1 உள்ள வரிகளைப் பாருங்கள். மணி எப்போது, எதிலிருந்து எதற்கு மாறியது என்று இருக்கும்.

பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் (விண்டோஸ் ஏறுமுன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பழைய நிலைக்குப் போகலாம்; அதனால் கழற்றுமுன் அதில் சாட்டா மோட், அதாவது ஹார்ட் டிஸ்க் இணைப்பு முறை, என்ன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது மாறிவிட்டால் விண்டோஸே ஏறாது. பிளக்கைப் பிடுங்கி, பழையதை எடுத்து, புதியதை + மேலே தெரியும்படி வையுங்கள். மல்டிமீட்டரில் புதுசு 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பிறகு பயாஸிலேயே தேதியைக் கையால் போடுங்கள். நெட் வந்தால் தானே சரியாகிவிடும் என்று விடாதீர்கள். தனி கம்ப்யூட்டரில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் விண்டோஸ் வழக்கமாகத் திருத்தாது. நேர மண்டலம் +5:30 தானா என்பதையும் பாருங்கள்.

தேதி தப்பாக இருக்கும்போது மென்பொருளைத் திறக்கவே கூடாது. 2035 என்று போட்டு ஒருமுறை திறந்தால் போதும், கடைசித் தேதி 2035 என்று பதிவாகிவிடும்; அப்புறம் சரியான தேதி வைத்தாலும் அது நம்பாது.

மணி சரியாக இருந்தும் தகராறு என்றால், விண்டோஸில் தேதி எழுதும் முறையான ரீஜன் ஃபார்மேட்டைப் பாருங்கள். பழைய மென்பொருள்கள் சில தேதியை வெறும் எழுத்தாகச் சேமிக்கும். அமெரிக்க முறையில் நிறுவியபோது பதிந்த 03/12 மார்ச் 12; இந்திய முறைக்கு மாற்றியதும் அதுவே டிசம்பர் 3. நிறுவியபோது இருந்த ஃபார்மேட்டுக்கே திருப்பினால் எண்ணிக்கை சரியாகும்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுரண்டும் யோசனை வேண்டாம், உள்ளே போட்ட பில்லும் சேர்ந்து போகலாம். ஐடி 1 வரியின் ஸ்கிரீன்ஷாட், நிறுவிய தேதி, மென்பொருளின் பதிப்பு எண் மூன்றையும் மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பி ட்ரயலை நீட்டித்துக் கேளுங்கள். ஆனால் பேட்டரியை மாற்றிய பிறகு கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கரண்ட் ஷட்டவுனுக்கு மறுபடியும் அதே கடிதம்.