ஒரு இஎஸ்பி32, மூன்று ஃபர்ம்வேர்: இரண்டரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

என் மேஜையில் இருப்பது ஒரே ஒரு இஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபையும் புளூடூத்தும் உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் பொருத்திய சின்னப் பலகை. பெரும்பாலான நேரம் அது அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எம்கியூடிடி (சாதனங்கள் நெட்வொர்க்கில் சிறு செய்திகள் அனுப்பும் முறை) வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். ஏதாவது சர்க்யூட்டைச் சோதிக்க உட்கார்ந்தால் சிக்னல் ஜெனரேட்டர் ஆகிவிடும். சில நாள் மாலையில் லேப்டாப்புக்கு புளூடூத் கீபோர்டு. மூன்றும் தனித்தனியே கம்பைல் செய்த ஃபர்ம்வேர்கள், அதாவது சிப்பில் ஏற்றி ஓட்டும் புரோகிராம்கள். மாற்றுவதற்கு யூஎஸ்பி கேபிள் வேண்டாம். சின்ன ஓஎல்இடி திரையில் மெனு வரும், பட்டனை அழுத்தினால் போதும்.

ஆரம்பத்தில் மூன்றையும் ஒரே புரோகிராமுக்குள் எழுதி, மோட் மாற்றிப் பார்த்தேன். வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்து ரேமைத் தின்றன. ஒரு மோடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது டைமர், இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சிக்னல்) என ஒவ்வொன்றையும் சரியாக நிறுத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எங்கோ போய் இடிக்கும். அப்போதுதான் ஓட்ராய்ட்-கோ நினைவுக்கு வந்தது. 2018இல் ஹார்ட்கெர்னல் வெளியிட்ட அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியிலும் இதே சிப்தான். அதற்கான ரெட்ரோ-கோ ஃபர்ம்வேரில் லாஞ்சர் (எதை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் மெனு புரோகிராம்) ஃப்ளாஷ் நினைவகத்தின் ஒரு பார்ட்டிஷனில், அதாவது ஒரு பகுதியில்; எமுலேட்டர்கள் (பழைய விளையாட்டுக் கருவிகளைப் போல நடிக்கும் புரோகிராம்கள்) வேறு பார்ட்டிஷன்களில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக சிப்பையே ரீஸ்டார்ட் செய்துவிடுவார்கள். ரீஸ்டார்ட் ஆனால் ரேம் துடைத்துவிட்டது போல இருக்கும், முந்தைய புரோகிராமின் மிச்சம் எதுவும் நிற்காது. எனக்கு வேண்டியது இதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

இந்த வேலைக்கு இஎஸ்பி32 ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் புரோகிராம் எந்த முகவரியில் இருக்கப் போகிறதோ, அந்த முகவரிக்கென்றே லிங்க் செய்ய (கம்பைலின் கடைசியில் முகவரிகளைப் பொருத்த) வேண்டும். எஸ்டிஎம்32 என்ற சிப்பில் இரண்டாவது ஃபர்ம்வேர் வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி லிங்கர் ஸ்கிரிப்ட் (அந்த முகவரிகளைச் சொல்லும் ஃபைல்) வேண்டும், இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்று சொல்லும் வெக்டர் டேபிளையும் நகர்த்த வேண்டும். இஎஸ்பி32இல் ஃப்ளாஷுக்கும் சிபியுவுக்கும் நடுவே ஒரு எம்எம்யு (முகவரிகளை மாற்றிக் காட்டும் பகுதி) இருக்கிறது. அது ஃப்ளாஷை 64 கேபி பக்கங்களாகப் பிரித்து, வேண்டிய பக்கத்தை வேண்டிய முகவரியில் காட்டும். அதனால் புரோகிராமுக்குத் தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று தெரிய வேண்டியதே இல்லை. கம்பைல் செய்து கிடைக்கும் ஒரே பின் ஃபைலை எந்த ஸ்லாட்டில், அதாவது எந்த ஆப் பார்ட்டிஷனில் போட்டாலும் ஓடும். ஆப் பார்ட்டிஷன்கள் 64 கேபி எல்லையில் தொடங்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான்.

சிப் தொடங்கும்போது எதை பூட் செய்வது என்பதை ஓடிஏ டேட்டா என்ற 8 கேபி பகுதி சொல்லும். 4 கேபி செக்டர் (ஒரே தடவையில் அழிக்கக்கூடிய துண்டு) இரண்டு, மாற்றி மாற்றி எழுதப்படும். எழுதும்போது மின்சாரம் போனாலும் பழைய பதிவு இருக்கும். அந்தப் பகுதி காலியாக இருந்தால் ஃபேக்டரி பார்ட்டிஷன் ஓடும். என் லாஞ்சர் அங்கேதான் இருக்கிறது.

என் போர்டில் 4 எம்பி ஃப்ளாஷ். லாஞ்சருக்கு 512 கேபி, மூன்று ஆப்களுக்கும் தலா 1152 கேபி கொடுத்தேன். தொடக்கத்தின் 64 கேபி ஓடிஏ டேட்டா போன்றவற்றுக்குப் போக, கடைசியில் 64 கேபி மிஞ்சியது, அவ்வளவுதான். சென்சாரும் சிக்னல் ஜெனரேட்டரும் தாராளமாக உட்கார்ந்தன. கீபோர்டு ஆப் மட்டும் நுழையவில்லை. புளூடூத் லைப்ரரியை நிம்பிள் என்ற சிறிய லைப்ரரிக்கு மாற்றிய பிறகுதான் இடம் போதியது. புதிதாகத் தொடங்குபவர்கள் 16 எம்பி போர்டையே வாங்குங்கள். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, கரண்ட் போய் வந்தால் என்ன ஆக வேண்டும் என்பது. முதலில், ஒவ்வொரு ஆப்பும் தொடங்கியவுடன் ஓடிஏ டேட்டாவை அழித்துவிடும்படி எழுதியிருந்தேன். ஆப் எப்படித் தொங்கினாலும் ரீசெட் அடித்தால் மெனு வந்துவிடும், பாதுகாப்பான ஏற்பாடு. ஒருநாள் இரவு மின்வெட்டு. கரண்ட் வந்ததும் போர்டு மெனுவைக் காட்டிக்கொண்டு விடியும்வரை யாராவது பட்டன் அழுத்தக் காத்திருந்தது. அந்த இரவின் அளவுகள் ஒன்றுகூட இல்லை. சரி, ஆப்பிலேயே நிற்கட்டும் என்று அழிப்பதை எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் சென்சார் ஆப்பில் ஒரு பிழையோடு ஏற்றியதில் அது தொடங்கியவுடன் கிராஷ் ஆகி, மறுபடி தொடங்கி, மறுபடி கிராஷ். மெனுவுக்குப் போக வழியே இல்லை.

இப்போது இருப்பது இரண்டுக்கும் நடுவில். ஆப் தொடங்கியதும் ஓடிஏ டேட்டாவை அழிக்கும். லாஞ்சர் 5 நொடி பொறுத்து, யாரும் பட்டனைத் தொடவில்லையென்றால் கடைசியாக ஓடிய ஆப்பைத் தானே தொடங்கும். வந்த காரணம் கிராஷா, கரண்ட் போனதா என்று சிப்பின் ரீசெட் காரணத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். தொடர்ந்து மூன்று கிராஷ் என்றால் மெனுவிலேயே நின்றுவிடும். இதற்குப் பிறகு இரவில் அளவு தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷை அழிப்பதால் தேய்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு செக்டர் சுமார் 1,00,000 முறை தாங்கும். தினம் பத்து தடவை மாற்றினாலும் 27 வருடம் வரும்.

இன்னொரு பாடம் என்விஎஸ். செட்டிங்குகள் சேமிக்கும் அந்தப் பகுதி எல்லா ஆப்களுக்கும் பொது. வைஃபை பாஸ்வேர்டை ஒருமுறை கொடுத்தால் போதும் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் நான் இரண்டு ஆப்களிலும் ஒரே நேம்ஸ்பேஸில் (பெயர்களைப் பிரித்து வைக்கும் பெட்டி போன்றது) ஒரே பெயரில் ‘இன்டர்வல்’ சேமித்திருந்தேன்; ஒன்றில் நொடி, மற்றதில் மில்லிநொடி. சிக்னல் ஜெனரேட்டரில் 20 என்று வைத்த அன்று, சென்சார் 60 நொடிக்குப் பதிலாக 20 நொடிக்கு ஒருமுறை அனுப்ப ஆரம்பித்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாததால் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இப்போது ஆப்புக்கு ஒரு நேம்ஸ்பேஸ், வைஃபைக்கு மட்டும் பொதுவானது.

ரீஸ்டார்ட் சிப்பைத்தான் புதிதாக்கும், வெளியே இருப்பதை அல்ல. திரையில் பழைய படம் அப்படியே நிற்கும். ஐ2சி முறையில் (க்ளாக், டேட்டா என இரண்டு கம்பிகளில்) பேசும் சென்சார் பாதிப் பேச்சில் நிறுத்தப்பட்டால் டேட்டா லைனை கீழே பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஆப்பும் முதலில் க்ளாக் லைனில் ஒன்பது துடிப்பு கொடுத்து சென்சாரை விடுவிக்கும்.

கேபிள் வழியே ஏற்றும்போது ஒரு கவனம். வழக்கமான அப்லோடு பட்டன், லாஞ்சர் இருக்கும் இடத்திலேயே புது புரோகிராமை எழுதிவிடும். கூடவே ஓடிஏ டேட்டாவையும் முதல் ஸ்லாட்டுக்குத் திருப்பிவிடும். நான் ஆப்களை இஎஸ்பிடூல் என்ற ஃப்ளாஷில் எழுதும் கருவி கொண்டு அந்தந்த ஸ்லாட்டின் முகவரியில் மட்டும் எழுதுகிறேன். மூன்று முகவரிகளையும் ஒரு சீட்டில் எழுதி போர்டின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.